அந்த ஓராண்டு யாருடையது? நீட் எழுதும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக விலங்கியல் நடத்திவருகிறேன். நீட் முடிவு வெளியாகும் இரவில் என் கைப்பேசி ஓயாது. "டீச்சர், இன்னும் கொஞ்சம் மார்க் வந்திருந்தால் கிடைத்திருக்குமாம். ஒரு வருடம் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாமா?" என்று கேட்பார்கள். பேசுவது பெரும்பாலும் அப்பா. சில நேரம் அம்மா, சில நேரம் திருப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ தாய்மாமன். பிள்ளை தானே பேசியது இத்தனை ஆண்டுகளில் நான்கைந்து முறைதான் இருக்கும். மற்ற நேரங்களில் பின்னால் எங்கோ மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த இரவில் நான் சொல்வது எதுவும் யார் காதிலும் ஏறுவதில்லை. அதனால்தான் பொதுத்தேர்வு முடிந்து, நீட்டுக்கு இன்னும் சில வாரங்கள் மிச்சமிருக்கும் இப்போதே எழுதுகிறேன். மனம் கொதிக்காமல் இருக்கும்போதே இதைப் படித்துவிடுங்கள்.

நீட் வேண்டாம் என்பதுதான் என் நிலை. பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை 2016 வரை நான் அனுப்பிவைத்திருக்கிறேன். அவர்கள் இன்று நல்ல மருத்துவர்கள். ஆனால் நீட்டுக்கு எதிரான வழக்கு முடியும்வரை உங்கள் மகளின் பதினெட்டு வயது காத்திருக்காது. இருக்கிற தேர்வை வைத்துத்தான் ஜூன் மாதத்தில் முடிவெடுத்தாக வேண்டும்.

ஒரு வருடம் வீட்டில் இருந்து மறுபடி எழுதுவது கேவலம் என்று நினைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. "உங்கள் பெண் என்ன படிக்கிறாள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கூசிக்கொண்டு, பிடிக்காத படிப்பில் அவசர அவசரமாகச் சேர்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். நீட்டின் விளைவுகளை ஆராய நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் தமிழக அரசு 2021இல் ஒரு குழுவை அமைத்தது. மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்து மறுபடி எழுதியவர்கள் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு என்று அந்தக் குழுவின் அறிக்கை சொல்கிறது. நூறில் எழுபது பேருக்கு மேல் ஓராண்டோ இரண்டாண்டோ காத்திருந்து உள்ளே போனவர்கள். ஆகவே இதில் கூசுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் இதே கணக்கைப் பயிற்சி மையங்களின் ஆட்கள் உங்களிடம் வேறு விதமாகச் சொல்வார்கள். "பாருங்கள், ரிப்பீட்டர்களுக்குத்தான் சீட் கிடைக்கிறது" என்பார்கள். இடம் கிடைத்தவர்களில் மறுமுறை எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அந்த எண். மறுமுறை எழுதியவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பது முற்றிலும் வேறு கேள்வி. ஓராண்டு படித்தும் கிடைக்காதவர்கள் அந்த 71இல் எங்கும் இல்லை. அவர்களும் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். இந்த மடலை எழுதும்போது என் கண்முன் நிற்பவர்களும் அவர்கள்தான்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வினாத்தாளைத் தேர்வர் வீட்டுக்கு எடுத்து வரலாம். பிள்ளை வட்டம் நிரப்பிய ஓஎம்ஆர் தாளின் படத்தையும் விடைக்குறிப்பையும் தேசியத் தேர்வு முகமை இணையத்தில் வெளியிடுகிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மதியம் உட்கார வேண்டும்.

2024இல் என் மாணவி ஒருத்தி 412 வாங்கினாள். அப்பா நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். முடிவு வந்த நான்காம் நாள் இருவரும் பள்ளிக்கு வந்தார்கள். ஆய்வக மேசையில் தாள்களைப் பரப்பி, ஒவ்வொரு கேள்வியாக அவளையே சொல்லச் சொன்னேன். 115 சரி, 48 தவறு, 17 விட்டிருந்தாள். ஒன்றுக்கு நான்கு வீதம் 460, தவறுக்கு ஒன்று வீதம் 48 போக 412. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதற்குப் பிறகு அந்த 48ஐப் பிரித்தோம். "இது எப்படிப் போட்டாய்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். 27 கேள்விகளுக்கு அவள் குத்துமதிப்பாக வட்டம் நிரப்பியிருந்தாள். அதில் 6 சரி, 21 தவறு. 24 வந்து 21 போயிருக்கிறது. அத்தனை தவிப்புக்கும் கிடைத்தது மூன்று மதிப்பெண். இயற்பியலில் 16 கேள்விகளுக்குச் சூத்திரம் சரியாக எழுதி, எண்ணில் கோட்டைவிட்டிருந்தாள். சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தது, பத்தின் அடுக்கில் கழித்தல் குறியை விட்டது, இப்படி. மீதி 11 உயிரியல். கையேட்டில் சுருக்கமாகப் படித்து, பாடப்புத்தகத்தின் வரியைப் பார்க்காமல் விட்டவை.

அவளே பென்சிலால் ஓரத்தில் எழுதினாள்: 16, 11, மொத்தம் 27. ஒவ்வொன்றும் தவறிலிருந்து சரியானால் ஐந்து மதிப்பெண் வித்தியாசம், ஆக 135. எழுதிவிட்டு நிமிர்ந்து, "இது என்னால் முடியும் டீச்சர்" என்றாள். நானும் அவள் அப்பாவும் அதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஓராண்டு கொடுக்கலாம் என்று நான் நம்பியது 412ஐப் பார்த்து அல்ல, அந்தப் பென்சில் கணக்கைப் பார்த்து.

அதே வாரம் வந்த பையனுக்கு 178. 68 சரி, 94 தவறு. எந்தக் கேள்வியைக் காட்டினாலும் "தெரியவில்லை" என்றான். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனதும், தான் கணினி படிக்க விரும்புவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னான். உயிரியலோடு கணிதமும் படித்தவன்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் இருப்பது அவன் அப்பாவுக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்துக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான். தெரியாமல் போயிருந்தால் ஓராண்டும் ஒன்றரை லட்சமும் ஒரு விடுதி அறையில் கரைந்திருக்கும்.

பயிற்சி மையத்தின் பணத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நகையை அடகு வைத்த சீட்டு உங்கள் பீரோவில்தான் இருக்கிறது. வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடம்.

பையன் ஓராண்டு வீட்டில் இருந்தால் "நீட்டுக்குப் படிக்கிறான்" என்கிறீர்கள். பெண் இருந்தால் அவள் "வீட்டில்தான் இருக்கிறாள்". இந்த ஒரு சொல் அவள் நாளை எப்படித் தின்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். காலையில் தம்பிக்குச் சோறு கட்ட அவள், ரேஷன் கடை வரிசைக்கு அவள், பாட்டியைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக அவள். நூறு நாள் வேலைக்கு அம்மா போய்விட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் அவள்தான். இவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். ஆனால் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் அவளுக்கு ஒரு நாளும் கிடைப்பதில்லை. நீட்டில் 180 கேள்வியை ஒரே மூச்சில் எதிர்கொள்ள வேண்டும். அதற்குப் பழகாத உடம்பும் மனமும் இரண்டாம் மணி நேரத்தில் தளர்ந்துவிடும். போதாததற்கு ஐப்பசி பிறந்தால் யாராவது ஒருவர் ஜாதகம் கேட்டு வருவார். நீங்கள் "இப்போது இல்லை" என்றுதான் சொல்லி அனுப்புவீர்கள். ஆனால் கூடத்தில் அவர் காபி குடித்துக்கொண்டிருந்த அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்த பெண், அன்று என்ன படித்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

ஓராண்டு கொடுப்பதென்றால் அதை முழுதாகக் கொடுங்கள். காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்று வரை அவள் பள்ளிக்குப் போயிருந்தால் அந்த வேலையை யார் செய்திருப்பார்களோ, அவர்களே செய்யட்டும். ஊரில் நூலகம் இருந்தால் அங்கே அனுப்புங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021இலிருந்து கட்டணம் இல்லை, பையன்களுக்குத்தான் பள்ளி முடிந்ததும் பஸ் பாஸும் போய்விடுகிறது. மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கிடைக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் கல்லூரியில் படிப்பவர்களுக்குத்தான், காத்திருக்கும் ஆண்டில் அது வராது. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி என்ற கூரை தலைக்கு மேலிருந்து போனதும் எத்தனை சின்னச் சின்ன உதவிகள் கூடவே போகின்றன என்பது அந்த ஜூலையில்தான் தெரியும்.

இனி, நான் சொல்லத் தயங்கிய ஒன்று.

2019இல் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவன். நன்றாகப் படிப்பவன். முதல் முறை கிடைக்கவில்லை. ஓராண்டு இருந்து எழுதலாம் என்று அவனும் விரும்பினான், நானும் சொன்னேன். கொரோனாவால் 2020 தேர்வு மே மாதத்திலிருந்து தள்ளித் தள்ளிப் போய் செப்டம்பர் 13 அன்று நடந்தது. அக்டோபர் இறுதியில், மருத்துவ இடங்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய வாசல்! எங்கள் பள்ளியே கொண்டாடியது. அவனுக்குக் கொஞ்சத்தில் தவறிப்போனது. "சட்டமே வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு முறை எழுது, நிச்சயம் கிடைக்கும்" என்று சொன்னது நான்தான். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவன் அம்மாவிடம் சொன்னேன். அவனிடம் கேட்கவில்லை. 2021இலும் எழுதினான், 2022இலும் எழுதினான். மதிப்பெண் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே வந்தது.

பிறகு ஒருநாள் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். நானே போய்ப் பேசினேன். ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னான். கோபமில்லாமல்தான் பேசினான். "முதல் வருடம் எனக்கு ஆசை இருந்தது டீச்சர். இரண்டாவது வருடமே போதும் என்று தோன்றிவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவனுடைய இரண்டு ஆண்டுகளில் என் சொல்லும் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறேன். பிள்ளையிடம் தனியாகக் கேட்காமல் "எழுதலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ நான் வாய் திறப்பதில்லை. நீங்களும் அதைச் செய்யுங்கள் என்றுதான் இந்த மடலே. கேட்பதென்றால், "நீ டாக்டர் ஆக வேண்டும் என்று அப்பா எவ்வளவு ஆசைப்படுகிறேன் தெரியுமா, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்பதல்ல. அந்தக் கேள்விக்கு உங்கள் பிள்ளை ஒரே பதில்தான் சொல்லும். அத்தையோ, அக்காவோ, ஆசிரியரோ, பிள்ளை பயமில்லாமல் பேசும் ஒருவர் கேட்கட்டும். நீங்கள் அந்த நேரத்தில் அங்கே இருக்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். முன்பு நீட் எழுத உச்ச வயது வரம்பு இருந்தது. 2022இல் அதை நீக்கிவிட்டார்கள். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் எல்லை இல்லை. வாய்ப்பு என்ற அளவில் நல்லதுதான். ஆனால் கதவைச் சாத்த யாரும் வர மாட்டார்கள் என்பதால் அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. நான் சொன்ன அந்த 412 பெண்ணின் வீட்டில் ஒரு நோட்டுத் தாளில் எழுதி வைத்தார்கள்: ஒரே ஆண்டு, கிடைத்தால் எம்.பி.பி.எஸ்., இல்லாவிட்டால் பி.எஸ்சி. நர்சிங். நர்சிங் அவளே சொன்னது. தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்படி நடக்கிறது, நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண் ஓராண்டில் எங்கும் ஓடிவிடாது என்ற தைரியம் அவளுக்கு இருந்தது. மருந்தியலுக்கும் வேளாண்மைக்கும் இந்த மதிப்பெண்தான். கால்நடை மருத்துவத்தில் தமிழக அரசின் இடங்களும் அப்படியே. இரண்டாவது வழி ஒன்று தெளிவாக இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை தேர்வு அறையில் கை நடுங்காமல் இருக்கிறது. இதை நான் பலரிடம் பார்த்துவிட்டேன்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2025இல் இயற்பியல் வினாக்கள் மிகக் கடினம். முந்தைய ஆண்டு முதலில் 67 பேரும், மறுகணக்கீட்டுக்குப் பிறகு 17 பேரும் 720க்கு 720 எடுத்த அதே தேர்வில், 2025இல் நாட்டிலேயே முதலிடம் பெற்றவருக்கு 686தான். அவள் எடுத்தது 389. போன வருடத்தைவிடக் குறைவு. "ஒரு வருடம் படித்தும் இறங்கிவிட்டதே" என்று வீடு இழவு வீடு மாதிரி ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து துக்கம் விசாரிக்காத குறை. தரவரிசையை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது போன ஆண்டைவிடப் பல ஆயிரம் இடங்கள் முன்னே வந்திருந்தாள். அவள் படிப்பு வீண்போகவில்லை, வினாத்தாள்தான் மாறியிருந்தது. உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம் என்பதால் சொல்கிறேன்: இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்ணை ஒன்றோடொன்று வைத்துப் பிள்ளையைத் திட்டாதீர்கள். "650 எடுத்தால் நிச்சயம்" என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அதை ஜோசியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.பி.பி.எஸ். இடத்துக்கு அந்தத் தரவரிசையும் போதவில்லை. நோட்டுத் தாளில் எழுதியபடி நர்சிங்கில் சேர்ந்தாள். "இன்னும் ஒரு வருடம்" என்று மாமன் ஒருவர் தொடங்கியபோது, அவள் அப்பா அந்தத் தாளை எடுத்துக் காட்டினாராம். அந்த மனிதருக்கு என் வணக்கம். பொங்கலுக்கு வந்தவள், உடற்கூறியல் வகுப்பில் பாதி தனக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றாள். மருத்துவம் கிடைக்காத வருத்தம் இல்லாமல் இல்லை. இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடிவு வந்த வாரத்தில் பிள்ளை சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், அறைக்குள்ளேயே கிடந்தால் "சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். தனியாக விடாதீர்கள். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். பணம் கிடையாது. அந்த எண்களை இன்றே உங்கள் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பிள்ளையின் கைப்பேசியிலும்.

தேர்வு முடிவு வந்த பிறகு வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் எங்கள் பள்ளி விலங்கியல் ஆய்வகம் காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள்தான் என்றில்லை, பக்கத்து ஊர்க்காரர்களும் வரலாம். வினாத்தாள், ஓஎம்ஆர் தாளின் நகல், விடைக்குறிப்பு மூன்றும் வேண்டும். ஒரு பென்சிலும் கொண்டுவாருங்கள். முதல் அரை மணி நேரம் பிள்ளையோடு மட்டும் பேசுவேன். வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சு இருக்கிறது, பொறுமையாக உட்கார்ந்திருங்கள். நான் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளி விலங்கியல் ஆசிரியை